மூன்று மாதமாக வராத செய்தி

காலை பத்து மணிக்கு விழிஞ்ஞத்திலிருந்து ரத்னாபாய் என்ற பெண், மீனவர்களுக்கு ஆபத்துப் பெட்டி செய்து தரும் கழக்கூட்டம் அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

"மோளே, விடியுமுன்னே வரவேண்டிய வள்ளம் இதுவரை வரேல. என் வீட்டுக்காரர் தாசையன் ஒத்தைக்குக் கடலுக்குப் போயிருக்காரு. உங்க பெட்டியில இருந்து ஏதாச்சும் தகவல் வந்துதா?"

வள்ளத்தில் போகிறவர் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அந்தப் பெட்டியில் ஒரே ஒரு பொத்தான். ஆபத்தில் அழுத்தினால் இருக்கும் இடம் சர்வருக்கு வந்துவிடும். போனை எடுத்த ராஜஸ்ரீ திரையைப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

திங்கட்கிழமைதான் புதிய பெட்டிகளுக்காகச் செய்தி எழுதும் முறையை மாற்றியிருந்தார்கள். "மூணு மாசமா பழைய பெட்டியில இருந்து ஒரு மெசேஜ்கூட வரேல. ஆரும் யூஸ் பண்ணேல, எடுத்துக் களைஞ்சிரு" என்றான் டீம் லீட் வினீத். அவளும் பூம்பூம் மாடு போலத் தலையாட்டிவிட்டு, சர்வரில் பழைய முறையைப் படிக்கும் நிரல் பகுதியை நீக்கினாள். ஆபத்துப் பொத்தானைத் தினமும் அமுக்கிப் பார்க்க யாருக்காவது பைத்தியமா? இந்த யோசனை இரண்டு பேருக்குமே வரவில்லை.

சர்வர் ஏற்க மறுத்த செய்திகளைத் திறந்தாள். தாசையன். ஆறு மணியிலிருந்து பதினொரு தடவை. ஒவ்வொன்றுக்கும் சர்வர் 'ஃபார்மேட் தவறு' என்று பதில் அனுப்பியிருந்தது; பெட்டியில் அது சிவப்பு விளக்காக எரியும். கடைசிச் செய்தியில் இரண்டே எண்கள், அட்சரேகையும் தீர்க்கரேகையும்: 0812, 7648.

"எட்டு புள்ளி பன்னிரண்டு, எழுபத்தாறு புள்ளி நாற்பத்தெட்டு. மீட்புப் படகுக்குச் சொல்லு, வேகம்!" என்று வினீத் கத்தினான்.

ராஜஸ்ரீ அழைத்ததும் மீட்புப் படகு நிலையத்தில் போனை எடுத்துவிட்டார்கள். சொல்ல வாய் திறந்தவள் நிறுத்தினாள்.

"புள்ளி வைக்கப்பிடாது வினீத்! பழையதுல கடைசி ரெண்டு இலக்கமும் மினிட், டிகிரியில அறுபதுல ஒரு பங்கு. அறுபதால வகுக்கணும்."

புள்ளி வைத்திருந்தால் படகு முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளிப் போய்த் தேடியிருக்கும். எட்டு புள்ளி இருபது, எழுபத்தாறு புள்ளி எண்பது என்று இரண்டு முறை சொன்னாள்.

மூன்று மணிக்கு ரத்னாபாயின் எண்ணிலிருந்து அழைப்பு. பேசியது தாசையன். கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக் கிடந்தவரைக் கரை சேர்த்துவிட்டார்கள்.

"மோளே, எத்தனை அமுக்கியும் செவப்பு லைட்டுதான் வந்துது. எனக்குச் சரியா அமுக்கத் தெரியல. உங்களுக்கெல்லாம் கஷ்டம். க்ஷமிக்கணும்."

வினீத் ஒன்றும் சொல்லாதே என்று கை காட்டினான். ராஜஸ்ரீக்கு அழுகை வந்தது.

"நீங்க சரியாத்தான் அமுக்கினீங்க அண்ணாச்சி. பதினொரு தடவையும் தப்புன்னு சொன்னது நான்தான்."