தோல்பட்டறைச் சந்துக்கு வராத அழைப்பு

வில்காரா ஆறு எத்தனை மீட்டர் ஏறினால் எந்தத் தெருவில் தண்ணீர் புகும் என்று சொல்வதுதான் என் வேலை. மாவட்ட அவசரச் சேவையில் வெள்ளத் திட்ட அதிகாரியாகப் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். கரையில் குடியிருப்பவர்களைவிட ஆற்றை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை இல்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது என்றும் நினைத்தேன்.

ஆற்றின் கீழ்ப்பக்கம் கார்லோ என்று ஒரு சிற்றூர். அங்கே பெரில் கோஸ்டெல்லோ என்பவர் பால்பண்ணை வைத்திருந்தார். மேலே மலையடிவாரம் வரை பதினொரு பண்ணைக்காரர்கள் ஆற்றோரம் ஆளுக்கொரு கம்பம் நட்டு, அதில் வெள்ளைக் கோடுகள் போட்டிருந்தார்கள். மழை வலுத்தால் எந்தக் கோடு முங்கியது என்று பார்த்துப் பெரிலுக்குப் போன் செய்வார்கள். அவர் அதைக் குறித்துக்கொண்டு தாழ்ந்த தெருக்களுக்கு வீடு வீடாகப் போன் செய்வார். முதல் போன் எப்போதும் தோல்பட்டறைச் சந்தின் கடைசி வீட்டுக்கு. அங்கே ஆல்வின் பிரீஸ்ட் தனியாக இருந்தார். நாற்பது வருடம் குனிந்து ஆட்டு ரோமம் கத்தரித்ததில் முழங்கால் இரண்டும் போய்விட்டன. வீட்டை விட்டுக் கிளம்பவே அவருக்கு ஒரு மணி நேரம் வேண்டும்.

ஒரு வருடம் பெரிலின் போன் ‘கிளம்புங்கள்’ என்றது, எங்கள் அறிவிப்பு ‘கவனமாக இருங்கள்’ என்றது. பலர் கிளம்பினார்கள். தண்ணீர் ஏறவில்லை. பதற்றத்தில் ஒரு குடும்பத்தின் கார் வழுக்கி வாய்க்காலில் இறங்க, ஒரு பெண்ணுக்குக் கை முறிந்தது. யாரை நம்புவது என்று மேலிடத்துக்குப் புகார் போயிற்று. எச்சரிக்கை ஒரே இடத்திலிருந்துதான் வர வேண்டும் என்று நான் அறிக்கை எழுதினேன். அப்படித்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதில் நியாயமும் இருந்தது.

கார்லோ சமூகக் கூடத்தில் கூட்டம் போட்டேன். திரையில் வரைபடங்களைக் காட்டினேன். ஆல்வின் முன்வரிசையில் கேக் தின்றபடி, “நம்ம படக்காரர் வந்துட்டாரு, விளக்கை அணைங்கப்பா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆற்றின் மேல்பக்கத்து மேல்பாலத்தில் புதிதாக நீர்மட்ட அளவுக்கருவி வைத்திருக்கிறோம், கால்மணிக்கு ஒருமுறை அளவு வரும், எச்சரிக்கை நேராக உங்கள் கைப்பேசிக்கே வந்துவிடும் என்று விளக்கினேன். பெரில் கடைசி வரிசையிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அந்தக் கருவி பொய் சொன்னா யாரு கண்டுபிடிப்பா, கிரேம்?”

“அதுக்குத்தானே நான் இருக்கேன்” என்றேன்.

பன்னிரண்டு வருடச் சேவைக்கு நன்றி என்று சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் ஒன்றைப் பெரில் கையில் கொடுத்தேன். கை தட்டினார்கள். அதோடு அந்தப் போன் வரிசை நின்றது.

இரண்டு வருடம் கழித்து, மார்ச் மாதம், நான்கு நாள் விடாமல் மழை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மேல்பாலத்தில் ஒன்பது மீட்டர் இருபது. ஏழேகாலுக்கும் அதே. எட்டுக்கும் அதே. ஆறு உச்சத்தைத் தொட்டுவிட்டது, இனி இறங்கும் என்று நான் முடிவு செய்தேன். பெருக்கெடுத்த ஆறு ஒரு மணி நேரம் ஒரு சென்டிமீட்டர்கூட அசையாமல் நிற்காது. அது எனக்குத் தெரியும். ஆனால் நான்கு நாள் தூங்காத எனக்கு அந்த எண் நல்ல செய்தியாக இருந்தது. நல்ல செய்தியை யார் சந்தேகப்படுகிறார்கள்? அடித்து வந்த மரம் ஒன்று கருவியைப் பிடுங்கிப் போயிருந்தது. கடைசி அளவே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

ஒன்பதரைக்குக் கார்லோவில் தண்ணீர் புகுந்தது. கூரைகளிலிருந்து முப்பத்திரண்டு பேரைப் படகில் இறக்கினோம். ஆல்வினை மறுநாள் வீட்டுக்குள் கண்டெடுத்தார்கள். கோட்டு, தொப்பியெல்லாம் போட்டுத் தயாராகத்தான் இருந்தார். நாங்கள் அனுப்ப வேண்டிய செய்திக்காகக் காத்திருந்தார்.

மேல்பண்ணைக்காரர் டெஸ் ஹார்லனை ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன். காலை ஏழரைக்கே அவருடைய கம்பம் முழுக்க முங்கிவிட்டதாம்.

“பாத்தேன். போனைக்கூட எடுத்தேன்” என்றார். “உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு வெச்சிட்டேன்.”

விசாரணை நடந்தது. கருவிக் கோளாறு, அதிகாரி விதிமுறைப்படியே நடந்துகொண்டார் என்று முடித்தார்கள். சக ஊழியர்கள் தோளில் தட்டினார்கள். யாராவது ஒருவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திட்டு வாங்கத்தான் பெரில் வீட்டுக்குப் போனேன். பால் கறக்கும் கொட்டகையில் சேற்றை வழித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். நாற்பது மாடுகள் போயிருந்தன. நானும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டேன். நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். அந்த வரிசையை நிறுத்தச் சொன்னது என் தவறு, ஆல்வின் சாவு என் தலையில்தான் என்றேன்.

பெரில் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார்.

“எல்லாத்தையும் நீயே எடுத்துக்காத, கிரேம். நீ நிறுத்தச் சொன்னதும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு. பன்னெண்டு வருஷமா மழைச் சத்தம் கேட்டா எழுந்து ஒக்காந்துக்குவேன். யாரையாவது விட்டுட்டேனா, தப்பாச் சொல்லிட்டேனான்னு. அந்தப் பொண்ணு கை ஒடிஞ்சதுலேருந்து போனைத் தொடவே பயம். நீ வந்து அந்தப் பொறுப்பை வாங்கிக்கிட்ட. நானும் வாயை மூடிக்கிட்டுக் குடுத்துட்டேன்.” மண்வெட்டியை மறுபடி கையில் எடுத்தார். “அன்னிக்கு ஆல்வினை நெனச்சேன். ஒரு போன் பண்ணியிருக்கலாம். இது இப்ப நம்ம வேலை இல்லையேன்னு இருந்துட்டேன்.”

மாலை பால் கறக்கும் நேரம்வரை சேறு வழித்துவிட்டு வந்தேன்.

பதவியை விடவில்லை. இரண்டு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி அந்த வரிசையை மறுபடி கட்டப் பார்த்தேன். பதினொரு பண்ணையில் நான்கு பேர் விற்றுவிட்டுப் போயிருந்தார்கள். இருவர் என் முகத்தைப் பார்த்ததுமே கதவைச் சாத்தினார்கள். டெஸ் உட்பட ஐந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள். பெரில் சேரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. கீழ்த்தெருக்களுக்கான போன்களை இப்போது நானே செய்கிறேன். சிலர் எடுக்கிறார்கள். சிலர் என் குரலைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் வைத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு மறுபடியும் போன் செய்கிறேன்.