ஒரு டைல் இடம்

என் கணவர் வினோத்குமார் டைல்ஸ் ஷோரூமில் சேல்ஸ்மேன். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் கால் வைத்ததுமே அது உங்களுக்குத் தெரிந்துவிடும். கூடம், சமையலறை, மாடிப்படி எல்லாம் டைல்ஸ். போன வருடம் வாசலுக்கும் மதிலுக்கும் நடுவில் இருந்த கொஞ்ச மண்ணையும் விட்டுவைக்காமல் பார்க்கிங் டைல்ஸ் ஒட்டிவிட்டார். "இனிமே மழ பேஞ்சாலும் சேறு கெடையாது சுடரு. ஒருக்கா தொடச்சா பளிச்சுனு ஆயிடும்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். நானும்தான் சந்தோஷப்பட்டேன். துடைக்கிறவள் நான்தானே.

குழந்தையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்த அன்றைக்குத்தான் வீட்டில் ஒரு கைப்பிடி மண் கூட இல்லை என்பது உறைத்தது.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது முறையும் ரத்தம் பட்டதும் டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். பாகூரில் அம்மா வீட்டில் போய்க் கிடந்தேன். வெயில் தாழ்ந்ததும் அம்மா கொல்லையில் பாய் விரிப்பாள். ஒருநாள் பயம் தாங்காமல் பாய்க்கு வெளியே கையை நீட்டி வெறும் மண்ணில் உள்ளங்கையை வைத்தேன். மண் இளஞ்சூடாக இருந்தது. யாரோ என் கையைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டவள், அன்றைக்கு அந்த மண்ணிடம் கேட்டேன். 'தாயே, இதையாவது எனக்கு விட்டுக் கொடு. இது வளரப்போகிற வீட்டு மண்ணிலேயே தொப்புள்கொடியை உனக்குத் தருகிறேன்.'

விட்டுக் கொடுத்தாள். என் மகள் முழுசாகப் பிறந்து, மடியில் படுத்துக்கொண்டு ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுகிறாள். கொடுத்தவளிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றாவிட்டால் நான் என்ன மனுஷி?

கொடியை மஞ்சள் துணியில் முடிந்து அவரிடம் கொடுத்தேன்.

"பூந்தொட்டியில வச்சா ஆவாதா?" என்றார்.

"தொட்டி மண்ணு நர்சரிக்காரன் மூட்டையில கட்டி விக்கறது. அதுங்கிட்டயா நான் வேண்டிக்கிட்டேன்? நம்ம வீட்டு மண்ணுலன்னு சொல்லியிருக்கேங்க."

"அதுக்காவ டைல்ஸ ஒடைக்கச் சொல்றியா? அந்த ஷேடு இப்ப வர்றதே இல்ல சுடரு. ஒட்டுப் போட்டா அசிங்கமா இருக்கும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு உங்க ஷேடு. எனக்கு எம் பொண்ணு" என்று சொல்லும்போதே அழுகையும் வந்தது. அவர் முடிச்சைப் பைக்குள் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

போன வேகத்திலேயே திரும்பிவிட்டார். தெரு முழுக்கச் சுவருக்குச் சுவர் சிமென்ட். கோயில் வேப்பமரத்தைச் சுற்றியும் சிமென்ட் மேடை. பூங்காவில் குனிந்து மண்ணைக் கிளறினால், "இன்னா சார் பொதைக்கறீங்க?" என்று வாட்ச்மேன் விசிலை எடுத்திருக்கிறார். கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

என் மாமனார் தெய்வசிகாமணி மில்லில் வேலை பார்த்தவர். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே மாமியார் போய்விட்டார்; அதிலிருந்து அவர் அதிகம் பேசுவதில்லை. அன்றைக்குப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு மகனைப் பார்த்தார்.

"உன்னோடதும் அங்கதான்டா இருக்கு."

"எதுப்பா?"

"உன் கொடிதான். நீ வண்டி நிறுத்தற எடத்துல. உங்கம்மா பச்ச ஒடம்போட குந்தி, அவளே தோண்டி வச்சா. என்னக்கூட தொட வுடல."

"டைல்ஸ் போடறப்பவே சொல்லக்கூடாதாப்பா?"

"நீ ஆசையா போட்ட. கீழ இருக்கறது எங்க போயிடப்போவுது?"

என் கணவர் வண்டி நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு வண்டியைத் தெருவுக்குத் தள்ளிவிட்டுக் கட்டர் மெஷினை எடுத்துவந்தார். பென்சிலால் கோடு போட்டு, பக்கத்து டைலில் கீறல் விழாமல் ஒரே ஒரு டைலை அறுத்தார். அந்த நேரத்திலும் அவருக்கு அந்தப் புத்தி. அடியில் இருந்த சிமென்ட்டை உளியால் தட்டி எடுத்ததும் மண் தெரிந்தது.

ஒரு வருடமாக மூடிக் கிடந்த மண் செத்துப் போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். கறுத்து, ஈரமாக இருந்தது. ஒரு மண்புழு வெளிச்சத்துக்குக் கூசி உள்ளே நெளிந்தது. அவர் கையை உள்ளே விட்டார். எடுக்கவில்லை.

"சில்லுனு இருக்கு சுடரு. அம்மா தோண்டின எடம்" என்றவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

குழந்தையை மாமாவிடம் கொடுத்துவிட்டு நானும் பச்சை உடம்போடு உட்கார்ந்தேன். என் கையாலேயே பள்ளம் பறித்துக் கொடியை வைத்து மூடினேன். அதன் மேல் உள்ளங்கையை அழுத்தினேன். பாகூர் மண் வேறு, இந்த மண் வேறு. ஆனால் கையைப் பிடித்தவள் ஒருத்திதான். தாயே, நீ நல்லா இருக்கணும் என்று வாய்விட்டே சொன்னேன். பார்த்தே இராத என் மாமியாருக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். மாமா குழந்தையைத் தாழ்த்திப் பிடித்து, அவளுடைய பிஞ்சுப் பாதம் மண்ணில் படும்படி வைத்தார். அவள் அழுகையை நிறுத்திவிட்டாள்.

அந்த இடத்தை என் கணவர் திரும்ப மூடவில்லை. வண்டி இப்போது தெருவில்தான் நிற்கிறது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுகிறார்.

போன வாரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஷோரூமுக்குப் போயிருந்தேன். காலாப்பட்டில் புது வீடு கட்டுகிற ஒருவர், மதில்வரைக்கும் இடம் விடாமல் டைல்ஸ் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"போட்டுடலாம் சார். வாசலாண்ட ஒரு டைலு எடத்த மட்டும் மண்ணாவே வுட்டுடுங்க" என்றார் என் கணவர்.

"எதுக்குங்க?"

"வீட்டுல கொழந்த பொறக்கும்ல சார். தேவப்படும்."