பின்னறைக்குப் போகும் குழாய்

கை சுவரோடு ஊர்ந்துகொண்டிருக்கிறது, குழாய்க்காரர் தாவூதின் கை, குழாயைத் தொட்டு, நின்று, சூடு பார்த்து, மறுபடி ஊர்ந்து, அடுக்களைக்குப் பின்னால் பாய்லரில் சீகை விறகு எரிகிறது, குன்னூர் மழை தகரக்கூரைமேல் பெய்துகொண்டிருக்கிறது, எங்க சூடு நிக்குதோ அங்கதாங்க கோளாறு என்று சொல்லியிருந்தார், நான் கைத்தடியை ஊன்றி அவர் பின்னால் போகிறேன், சூடு எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும், சாமான் அறை மூலையில், பின்னறைக் குளியலறைக்குக் கிளை பிரிகிற இடத்தில், நாற்பத்திரண்டு வருடமாக அங்கேதான் நிற்கிறது, நிறுத்தியவன் நான்.

பெங்களூரிலிருக்கும் மகன்தான் இவரை அனுப்பினான், பழைய வீடு, கணப்பு, பாய்லர், வெந்நீர்க்குழாய் எல்லாம் பார்த்து எழுதிக்கொடுக்கட்டும் என்றான், வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடி இரண்டு நாள் அலுத்துப்போனேன், கணப்பின் புகைபோக்கியில் காக்கைக்கூடு என்று எழுதிக்கொண்டார், அப்பா வைத்த செம்பு பாய்லரை விரல்முட்டியால் தட்டி, இது நம்ம எல்லாரையும் அனுப்பி வெச்சிட்டுத்தான் போகும் ஐயா என்றார், வேறொரு நாளென்றால் அந்த உரிமையை நான் அனுமதித்திருக்கமாட்டேன், என் தங்கை செண்பகவல்லி சிரிக்கிறாள், கம்பளியைப் போர்த்திக்கொண்டு எங்கள் கூடவே வருகிறாள், என் ரூமுக்கும் வெந்நீர் வந்துட்டா நல்லதுப்பா, மார்கழியில முட்டி ரெண்டும் பேசுது என்கிறாள், எழுபது வயது அவளுக்கு, இல்லை, இருபத்தெட்டு, வாசலில் நனைந்த பெட்டியோடு நிற்கிறாள், அப்பாவை மீறிக் கட்டிக்கொண்டவன் காய்ச்சலில் போய் ஆறு மாதம், அப்பா அவளிடம் எதுவும் பேசவில்லை, என்னைக் கூப்பிட்டார், சோறு உண்டு, கூரை உண்டு, பின்னறைக்கு வெந்நீர் கிடையாது என்றார், வெளியாள் கூடாது, வீட்டு விஷயம் வீட்டோடு, நானே பைப் ரிஞ்சை எடுத்துக்கொண்டு இந்த மூலையில் குனிந்தேன், கிளைக்குழாயைக் கழற்றி, சணல் சுற்றி, திறந்த வாயை அடைக்க டம்மியைத் திருகி, தெரியாதபடி சாக்குத்துணி சுற்றி வெள்ளையடித்தேன், உன் ரூம் குழாய் துருவில் அடைத்துவிட்டது, சுவரை உடைத்தால்தான் ஆகும் என்றேன், அப்படியாண்ணா, சரி என்றாள், அன்றிலிருந்து வாளி, அடுக்களையிலிருந்து அவள் தூக்கிப்போகும் வாளி, முடியாத நாளில் பச்சைத்தண்ணீர், குளிரில் அவள் மூச்சை இழுக்கும் ஓசை சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும், பதினொரு வருடம் கழித்து அப்பா போனார், மயானத்திலிருந்து வந்து எல்லோரும் வெந்நீரில் முழுகினோம், அவள் வாளி தூக்கினாள், அன்று திறந்திருக்கலாம், திறந்தால் மூடியிருந்தது வெளியே வரும், அப்பாவின் பெயர் இருக்கிறது, அடுத்த மழைக்காலம் பார்க்கலாம் என்றிருந்தேன், எத்தனை மழைக்காலம்.

கை நின்றுவிட்டது. சாக்குத்துணியைப் பிரிக்கிறார், சுண்ணாம்பு உதிர்கிறது, டம்மியின் சதுரத் தலை தெரிகிறது, தாவூத் அதைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், பின்னால் நிற்கும் அவளைப் பார்க்கிறார், எத்தனையோ வீடுகளுக்குள் போய்வந்தவர், துணியை மறுபடி மூடினாற்போல் வைத்துவிட்டு, துருதாம்மா, பழைய பைப்புல சகஜம் என்கிறார், அடைப்பு என்று தாளில் எழுதுகிறார், என் முகத்தைப் பார்க்காமல் எழுதுகிறார், தப்பித்தேன் என்றுதான் தோன்றியிருக்க வேண்டும், ஆனால் என் வீட்டில், என் கூரைக்குக் கீழே, ஒரு குழாய்க்காரர் என்மேல் இரக்கப்பட்டு எனக்காகப் பொய் சொல்கிறார், அதை வாங்கிக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை, நிமிர்ந்தேன், அடைப்பு இல்ல தாவூத், மூடினது, நான்தான் மூடினேன், அப்படியே எழுதுங்க.

அவர் எழுதவில்லை. எழுதின பேனாவைப் பையில் செருகிக்கொண்டு பாய்லர் தீயைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். செண்பகவல்லி முன்னால் வந்தாள், டம்மிக்கு இந்தப் பக்கம் உள்ளங்கையை வைத்தாள், சூடு தாங்காமல் எடுத்தாள், அந்தப் பக்கம், பின்னறைக்குப் போகும் குழாய்மேல் வைத்தாள், அப்பா சொல்லித்தானே என்றாள், ஆமாம் என்றேன், சொல்லக் காத்திருந்த சொல் அது ஒன்றுதான், அதையும் அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

அப்பா போனப்புறமும் ஏண்ணா, என்று கேட்கிறாள், குரலை உயர்த்தாமல், தெரிந்துகொள்ள வேண்டியதைக் கேட்பதுபோல், கை சில்லென்ற இரும்பின் மேலேயே இருக்கிறது, எடுக்கவில்லை, நான் இன்னும் நிமிர்ந்தபடியே நிற்கிறேன்.