ஊரைக் கீழே பிடித்துவைத்த சாட்சியம்

படை வெளியேறிய பதினோராவது நாள் ஊர் ஒரு சாண் உயர்ந்தது. பீரங்கி வண்டிகளும் வெடிமருந்துப் பெட்டிகளும் நாலாயிரம் ஜோடி பூட்ஸும் இருபத்திரண்டு வருடங்கள் அழுத்திக்கொண்டிருந்த தரை, பாரம் இறங்கியதும் மெத்தை போல மெல்ல நிமிர்ந்தது. இதற்கு வேறு விளக்கம் யாரும் சொல்லவில்லை, கேட்கவுமில்லை. மூன்றாம் மாதம் ஊர் எல்லையில் இடுப்பளவு படி விழுந்தது. ஆண்டு முடிவில் அது இரண்டு ஆள் உயரமானது. நெடுஞ்சாலை கீழேயே தங்கிவிட்டது. பேருந்து அடியில் நின்று ஹாரன் அடிக்கும், ஜனங்கள் ஏணியில் இறங்குவார்கள். தபால்காரர் கடிதக் கட்டைக் கல்லோடு சேர்த்துக் கட்டி மேலே எறியப் பழகினார். இரண்டு ஜன்னல்கள் உடைந்தபின் அவருக்குக் குறி கைவந்தது.

இதில் அதிகம் அடிபட்டவள் ரொட்டிக்காரி. முகாமுக்குத் தினமும் எண்ணூறு ரொட்டி சுட்டவள், படை போனால் போகட்டும், வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பலாம் என்று தம்பிக்கு வேன் வாங்கிக் கொடுத்திருந்தாள். அந்த வேன் இப்போது மேலே மாட்டிக்கொண்டது. கயிற்றில் கட்டி இறக்கிய கூடைகளில் பாதி ரொட்டி நசுங்கிப் போயிற்று. நான்கு அடுப்புகளில் மூன்றை அணைத்தாள். நாலாவதும் அணைந்தால் ஊரைவிட்டுக் கிளம்புவது என்று அக்காவும் தம்பியும் பேசிவைத்திருந்தார்கள்.

அப்போதுதான், படை விலகியதால் ஏற்பட்ட பொருளாதாரச் செலவை ஆராய நாடாளுமன்றம் அமைத்த குழு, ஒருவர் பின் ஒருவராக ஏணியேறி வந்து சேர்ந்தது. ரொட்டிக்கடையின் காலி மாவுக் கிடங்கில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு ஒரு நடைமுறை இருந்தது: சாட்சி சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஏழு பிரதிகள் எடுக்க வேண்டும்; கடைசி சாட்சி முடிக்கும்வரை ஒரு தாள்கூட ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

முதல் சாட்சி ரொட்டிக்காரி. படை போனதால் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள்.

“ஊரே மேல போயிடுச்சுங்க.”

செயலர் பேனாவைத் தூக்கிப் பிடித்தார். “அது நட்டமா, மிச்சமா? படிவத்துல ரெண்டு கட்டம்தாம்மா இருக்கு.”

“வந்தப்ப ஏணியேறி மூச்சு வாங்குச்சே, அதை எந்தக் கட்டத்துல போட்டீங்க?”

அதையும் ஏழு பிரதி எடுத்தார்கள்.

முடிதிருத்துபவர் பதினெட்டு நாள் பேசினார். தையல்காரர் ஒரு மாதம். இருபத்திரண்டு வருடங்களாக வாயை மூடிக்கொண்டிருந்த ஊர் அது. கேட்க ஆள் கிடைத்ததும் நிறுத்தத் தெரியவில்லை. கிடங்கில் காகிதம் உத்தரம்வரை அடுக்கப்பட்டது. ஒரு காலை தம்பி ஓடி வந்தான்.

“அக்கா, நேத்துவரைக்கும் சரியா இருந்த ஏணி, இன்னிக்கு ஒரு படி மேல நீட்டிக்கிட்டு நிக்குது.”

“ஏணி வளந்துச்சா, நீ குட்டையாயிட்டியா? மாவைப் பிசைடா.”

ஆனாலும் போய்ப் பார்த்தாள். ஒரு படிதான். அடுத்த மாதம் மூன்று படி. இரண்டாம் ஆண்டு முடிவில் ஊர் சாலையோடு சமமாக வந்து உட்கார்ந்தது, வேன் ஓடியது, நான்கு அடுப்புகளும் எரிந்தன.

அந்த வாரமே விசாரணையும் முடிந்தது. காகிதக் கட்டுகளை லாரிகளில் ஏற்றினார்கள். குழுத் தலைவர் முன்னால் உட்கார்ந்திருந்த முதல் லாரி எல்லையைக் கடக்கும்போது அதன் பின்சக்கரங்கள் ஊரோடு சேர்ந்து மேலே எழும்பின. தலைவர் இறங்கினார். குனிந்து பார்த்தார். லாரியைப் பின்னால் எடுக்கச் சொன்னார், ஊர் இறங்கியது. முன்னால் போகச் சொன்னார், ஊர் எழும்பியது. எதையும் ஒருமுறை கேட்டு நம்புகிறவர் இல்லை அவர்; ஐந்து முறை செய்து பார்த்தார். பிறகு, கையில் மாவோடு வந்து நின்ற ரொட்டிக்காரியை வெகுநேரம் பார்த்தார்.

“ஏம்மா, உங்க சாட்சியம் முழுசா முடிஞ்சிருச்சா?”

அவள் சக்கரத்தைப் பார்த்தாள், வேனருகே நின்ற தம்பியைப் பார்த்தாள்.

“ரொட்டியைப் பத்தி மட்டும்தானுங்க சொல்லியிருக்கேன். பன்னு, பிஸ்கட்டெல்லாம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.”

“காகிதக் கட்டெல்லாம் இறக்குங்கப்பா,” என்றார் தலைவர்.

அதன்பின் தலைவர் தேர்தலில் தோற்றார், செயலர் ஓய்வு பெற்றார், அந்த நாற்காலிகளில் வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். படை விலகலின் செலவு இன்னும் ஆராயப்பட்டு வருகிறது என்று ஆண்டுதோறும் அமைச்சர் அவையில் பதில் சொல்கிறார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டுகிறார்கள். ரொட்டிக்காரி காலையில் அடுப்பைப் பார்த்துவிட்டுப் பதினோரு மணிக்குச் சாட்சி சொல்லப் போகிறாள். மழைக்காலத்தில் காகிதம் ஈரம் குடித்து ஊர் இரண்டு விரல் தாழ்ந்துவிடும், தெருவில் தண்ணீர் நிற்கும். அந்த நாட்களில் மட்டும் அவள் விடுப்பு எடுத்துக்கொள்கிறாள். தம்பி நாலைந்து கட்டுகளை வெயிலில் காய வைக்கிறான்.