தொண்ணூறு நாள் வால்வு

கரியமில வாயுவைப் பூமிக்குள் அடைத்தால் அடங்கிக் கிடக்குமா, கசிந்து மேலே வருமா என்று பரிசோதிக்க அரசாங்கம் ஆதரவு கொடுத்திருந்தது. கூடவே ஒரு நிபந்தனை. வால்வை மூடியபின் தொண்ணூறு நாள் அதைத் தொடக் கூடாது. ஒரே ஆள் காலையும் மாலையும் அழுத்தமானியைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆள் மாறினால் பார்வை மாறுமாம். இதை எழுதியவர் அழுத்தமானியைப் படத்தில்தான் பார்த்திருப்பார்.

அந்த ஒரே ஆள் ஆபரேட்டர். எழுபதாம் நாள் அவருடைய அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மா போன பிறகு அவரை வளர்த்து ஆளாக்கியவள். ரயிலில் ஒரு பகல் தூரம். இயக்குநரிடம் நான்கு நாள் லீவு கேட்டார். இயக்குநர் பூமியின் சூடு, நாட்டின் எதிர்காலம், மனிதகுலம் என்று ஒரு சுற்றுப் போய்விட்டு, முடியாது என்ற இடத்தில் வந்து இறங்கினார்.

அக்கா போனில் சிரித்தாள். "என்னடா, புகைக்குக் காவல் இருக்கியா? இரு இரு. அது ஓடிப் போயிட்டா என்னைத்தான் திட்டுவாங்க." மூச்சு வாங்கியது. "முடிச்சிட்டே வா. நான் எங்க போயிடப் போறேன்."

எண்பத்தொன்றாம் நாள் போய்விட்டாள். உடலை எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்று அக்காவின் கணவரான மாமா போனில் கேட்டார்.

"எடுத்துடுங்க மாமா," என்றார் ஆபரேட்டர். ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை. மாலை அளவைக் குறித்தார். முள் அசையவில்லை.

எண்பத்தாறாம் நாள், திட்டத்தைத் தொடங்கிவைக்க அமைச்சர் வந்தார். அது இன்னும் நான்கு நாளில் முடியப்போகிறது என்பது யாருக்கும் உறுத்தவில்லை. திருப்புவதற்குத் தனியாக ஒரு பொம்மை வால்வு வைக்கலாம் என்று ஆபரேட்டர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். "அமைச்சர் கையில பொம்மையக் குடுக்கறதா? மரியாதையா இருக்குமாய்யா?" என்று இயக்குநர் அதை ஓரங்கட்டிவிட்டார். லேசாகத் தொட்டால் போதும், படம் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அமைச்சர் எதையும் லேசாகச் செய்து பழகாதவர். இரண்டு சுற்றுத் திருப்பினார். வாயு சீறியது கைதட்டலில் கேட்கவில்லை. முள் இறங்கியது.

கூட்டம் கலைந்ததும் இயக்குநர் ஆபரேட்டரைக் கூப்பிட்டார். மறுபடி முதல் நாளிலிருந்துதான். அரசாங்கம் ஆதரவை நீட்டித்துவிடும், அமைச்சரே திருப்பிய வால்வு அல்லவா. புது வாயு வரப் பத்து நாளாகும்.

"அதுவரைக்கும் உனக்கு இங்க வேலையில்ல. லீவு கேட்டியே, போயிட்டு வா," என்றார் பெரிய மனதோடு. "அக்காவ நான் விசாரிச்சதாச் சொல்லு."

ஆபரேட்டர் தலையாட்டிவிட்டு லீவு படிவத்தை வாங்கினார். தங்கும் முகவரி என்ற இடத்தில் 'மாமா வீடு' என்று எழுதினார். இத்தனை வருஷமாக அதை அக்கா வீடு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.