வலி சொல்லாத கை

கையில் பந்து இல்லாமல் ஒரு துண்டை வைத்துக்கொண்டு மகள் எறிவதை முதலில் பார்த்தபோது நேசையனுக்குச் சிரிப்புதான் வந்தது. சாலைக் கம்போளச் சந்தையில் லோடு இறக்கிவிட்டு, சுமைக்காரர்களின் நீலச் சட்டையைக்கூட மாற்றாமல் பள்ளி மைதானத்து வேலியோரம் வந்து நின்றிருந்தான். ஆர்ஷா துண்டின் நுனியைப் பிடித்து, இடது காலைத் தூக்கி நீட்டி முன்னால் வைத்து, உடம்பைத் திருப்பி வீசினாள். மறுபடியும் அதையே செய்தாள். ஈ ஓட்டுகிற மாதிரி இருந்தது.

அவள் பள்ளி பேஸ்பால் அணியின் பிட்சர். மட்டை பிடித்து நிற்கிறவளை ஏமாற்றி, அவளுக்குப் பின்னால் குந்தியிருக்கும் பெண்ணின் கையுறைக்குள் பந்தை எறிந்து சேர்க்க வேண்டும். குறி தப்பாது. வேகம்தான் போதாது. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் நாளில் ஸ்பீட் கன் வைத்து அளப்பார்கள், மணிக்கு எண்பத்தைந்து கிலோமீட்டர் காட்டினால் இடம் உறுதி என்று பயிற்சியாளர் ஹரிகுமார் சொல்லியிருந்தார். அந்த அணிக்கும் ஆள் எடுப்பவர் அவர்தான். ஆர்ஷாவுக்கு எழுபத்தெட்டுக்கு மேல் ஏறவில்லை.

“என்ன சாரே, பந்து தீந்துபோச்சா?” என்று வேலிக்கு இப்பாலிருந்து கேட்டான் நேசையன்.

ஹரிகுமார் பக்கத்தில் வந்தார். மலையாள ஊர்தான் என்றாலும் அவர் வலியசாலைக்காரர், இவனிடம் தமிழில்தான் பேசுவார். “சிரிக்காதீங்க அண்ணே. வேகம் கையில இல்ல. கால்ல தொடங்கணும், இடுப்பு திரும்பணும், பின்னே தோளு. கை கடைசியில தன்னால வரும். இவ எல்லாத்தையும் கையாலேயே செய்யப் பாக்குறா. அத மாத்தத்தான் துண்டு. கொஞ்ச நாள் பொறுங்க. வீட்டுல எறிய விடாதீங்க கேட்டீங்களா, எறியற கைக்கு ரெஸ்ட் வேணும்.”

“சரி சார்” என்றான். மனசுக்குள் சரி இல்லை.

மறுநாள் லாரிக்குக் காத்திருக்கும்போது கூட்டாளிகளிடம் இதைச் சொன்னான். குற்றாலலிங்கம் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பூல் என்று அவர்கள் சொல்லும் சுமைக்காரர் கூட்டத்தில் அவர்தான் மூத்தவர்.

“ஏல, நாளைக்கு நமக்கும் வெறுஞ்சாக்கு தந்து தூக்கிப் பழகுங்கன்னு சொல்வாரோ ஒன் சாரு?”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு யோசித்தார்கள். லோடு வேலைக்குப் புதிதாக வருகிறவனைப் பழக்கும் வழி அவர்களுக்குத் தெரியும். கனத்த மூட்டையை முதலில் ஏற்றிவிடுவார்கள். கழுத்து கொஞ்ச நாள் திணறும். பிறகு சாதாரண மூட்டை தலையணை மாதிரி ஆகிவிடும். அதே வழி பந்துக்கும் ஆகாதா? மிளகுக்கடையில் கிடந்த பழைய தராசின் அரைக்கிலோ படிக்கல்லைக் குற்றாலலிங்கம் கேட்டு வாங்கினார். நேசையன் அதைச் சாக்குத்துணியில் உருட்டிச் சுற்றி, கோணி ஊசியால் இறுக்கித் தைத்தான். நல்ல பந்தாகத்தான் வந்தது. ஆளாளுக்கு உருட்டிப் பார்த்து, “கொள்ளாம்” என்று மெச்சினார்கள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு மரத்தில் வைக்கோல் திணித்த சாக்கைத் தொங்கவிட்டான். சாயங்காலம் பயிற்சி முடிந்து வந்தபிறகு ஆர்ஷா அதில் எறிய வேண்டும்.

“சார் எறியாதேன்னு சொல்லியிருக்காரு அப்பா.”

“சாரு சொல்றது எல்லாருக்கும் பொதுவா சொல்றதாக்கும். நீ எனக்க மகள். சாருட்ட ஒண்ணும் சொல்லாண்டாம். நம்பர் ஏறட்டு, அப்ப சொல்லலாம்.”

நம்பர் ஏறியது. கனத்த பந்தை எறிந்த கைக்கு உண்மையான பந்து காற்றாக இருந்தது. ஸ்பீட் கன்னில் எண்பத்திரண்டு வந்த அன்று நேசையன் கூட்டாளிகளுக்கு வடை வாங்கிக் கொடுத்தான். ஹரிகுமார் மட்டும் சந்தோஷப்படவில்லை. போனில் அவளை எடுத்த படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தார்.

“முழங்கை தோளுக்குக் கீழ எறங்குதே. வீட்டுல எறியறியா?”

“இல்ல சார்.”

“எங்கயாவது வலி உண்டா?”

“இல்ல சார்.”

வேலியோரம் நின்ற நேசையன் அதைக் கேட்டான். அந்த நிமிடம் அவனுக்கு அது பொய்யாகவே தோன்றவில்லை.

ஒருநாள் காலை எலிசாள் அடுப்படியிலிருந்து மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆர்ஷா கண்ணாடி முன்னால் நின்று இடது கையால் மட்டும் முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

“இஞ்ச பாருங்க” என்று எலிசாள் கணவனைக் கூப்பிட்டாள். “பிள்ளைக்கு வலது கை மேல பொங்க மாட்டேங்குது. சாருட்ட சொல்லுங்க.”

“சொன்னா வேற பிள்ளைய நிறுத்துவாரு.”

“நிறுத்தட்டு. கை போனா யாரு தருவா?”

“நீ சும்மா கெட. எனக்க தோள் வலிக்காத நாள் உண்டா? நான் யாருட்டயாவது சொல்லியிருக்கேனா?”

அவன் சொன்னது சரிதான். சாலைச் சந்தையில் யாரும் சொல்வதில்லை. வலிக்கிறது என்று சொன்னவனைக் கூட்டாளிகள் மரியாதையாக ஓரமாக உட்காரவைப்பார்கள். அடுத்த லாரி வரும்போது அவனைக் கூப்பிடமாட்டார்கள். அதற்கடுத்த லாரிக்கும் கூப்பிடமாட்டார்கள். அதனால் எல்லோரும் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, முதல் ஆளாகப் போய் முதுகைக் காட்டுவார்கள். நேசையன் அன்றும் மருந்துக்கடைத் தைலத்தைச் சூடாக்கி மகளின் முழங்கையில் தேய்த்தான். ஆர்ஷா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேய்க்கத் தேய்க்க அவள் கால்விரல்கள் மடங்கின. அவன் அதைக் கவனித்தான், இன்னும் அழுத்தித் தேய்த்தான்.

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் நாளில் பூலிலிருந்து ஐந்தாறு பேர் முறை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். குற்றாலலிங்கம் நீலச் சட்டைக்குக் கழுத்துப் பித்தான் வரைக்கும் போட்டிருந்தார்.

எறிவதற்கு முன்னால் ஹரிகுமார் பெண்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருத்தியிடமும் வலி உண்டா என்று கேட்டார். ரெஷ்மா என்ற பிள்ளை தோளைத் தொட்டுக் காட்டினாள். அவளைப் போய் நிழலில் உட்காரச் சொன்னார்.

“தீந்துது அவளுக்க காரியம்” என்று குற்றாலலிங்கம் முணுமுணுத்தார்.

ஆர்ஷா, “இல்ல சார்” என்றாள். யோசிக்காமல் சொன்னாள். நேசையன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

முதல் பந்து எண்பத்துநான்கு. அடுத்தது எண்பத்தாறு. நீலச் சட்டைகள் கைதட்டின. “எடே, படிக்கல்லுக்க வேலை பாத்தியா” என்று ஒருவன் நேசையன் முதுகில் தட்டினான். அடுத்த பந்து மட்டைக்காரியின் காலடியில் குத்தி விழுந்தது. அதற்கடுத்தது பாதி வழியில் தரையைத் தொட்டது. பிறகு ஆர்ஷா காலைத் தூக்கினாள், முன்னால் வைத்தாள், கை மட்டும் வரவில்லை. பந்து விரலிலிருந்து நழுவி, பிட்சர் நின்று எறியும் மேட்டின் சரிவில் உருண்டது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு அவள் அங்கேயே நின்றாள்.

ஹரிகுமார் ஓடிப்போய்க் கையைத் தொட்டார். தொட்டதும் அவள் உடம்பு முழுக்கச் சுருங்கியது.

“எப்போ தொடங்கிச்சு இது?”

“இப்பத்தான் சார்.”

“தைல மணம் வருதே. வீட்டுல எறிஞ்சியா?”

“இல்ல சார்.”

“ஆர்ஷா.”

“இல்ல சார், எறியல.”

வேலியோரம் குற்றாலலிங்கம் தன் செருப்பைப் பார்த்தார். கைதட்டியவர்கள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்கள். மகள் தனியாக நின்று தனக்காகப் பொய் சொல்கிறாள் என்பது நேசையனுக்குத் தெரிந்தது. போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் அத்தனை பேர் முன்னாலும் முட்டாளாக நிற்க வேண்டும். அவன் கால் உடனே நகரவில்லை. அதை அவனால் பிறகு எந்தச் சமாதானம் சொல்லியும் மறைக்க முடியவில்லை. ஹரிகுமார் மூன்றாம் முறை கேட்டு, அவள் மூன்றாம் முறையும் இல்லை என்று சொன்ன பிறகுதான் வேலியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனான்.

“சார், எறிஞ்சா. நான் சொல்லித்தான். கனமான ஒண்ணு நானே தச்சுக் குடுத்தேன். வலிக்குன்னு சொல்லவும் நான்தான் விடல.”

ஹரிகுமார் திட்டுவார் என்று நினைத்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எவ்வளவு கனம் என்று மட்டும் கேட்டார். அரைக்கிலோ என்றதும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார்.

“சார், தப்பு என்னுது. அவள எடுக்காம விட்டுராதீங்க. கை சரியாவுற வரைக்கும் பெஞ்சில இருக்கட்டு.”

“கைக்காக மட்டும் இல்லண்ணே. பிட்சர்ட்டருந்து பந்த எப்ப வாங்கணும்னு தீர்மானிக்கறது எனக்க வேல. அதுக்கு என் கையில இருக்கறது அவ சொல்ற வார்த்த மட்டும்தான். ரெஷ்மா வலியச் சொல்லிட்டா, அவள ரெண்டு வாரம் கழிஞ்சு திரும்பப் பாப்பேன். இவ மூணு தடவ இல்லன்னு சொல்லிட்டா. நான் எத வச்சு இவள மேட்டுல ஏத்துவேன்?” அவர் ஆர்ஷாவைப் பார்க்காமல் சொன்னார். “முதல்ல டாக்டர்ட்ட காட்டுங்க. இந்த வருஷம் எறிய வேண்டாம்.”

குற்றாலலிங்கம் ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். ஏறிக்கொள்ளும்வரை நேசையனின் முகத்தை அவர் பார்க்கவில்லை. ஆட்டோ கிழக்கேகோட்டையைத் தாண்டும்போதுதான் ஆர்ஷா வாயைத் திறந்தாள்.

“ஏன் சொன்னீங்க?”

“சொல்லாம எப்படி மக்ளே?”

“சொல்லுன்னு சொல்லியிருந்தா முதல்லயே சொல்லியிருப்பேன். நீங்க சொல்லாதேன்னீங்க, நான் சொல்லல. அப்பறம் நீங்களே வந்து எல்லாருக்க முன்னாலயும் என்னப் பொய் சொல்ற கள்ளியாக்கிட்டீங்க.”

ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்தான். நேசையன் வெளியே பார்த்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஆர்ஷாவை உட்காரவைத்துக் கையை மெல்ல மடக்கினார்.

“இங்க வலிக்குதா?”

ஆர்ஷா டாக்டரைப் பார்க்கவில்லை. திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். என்ன சொல்லட்டும் என்று கேட்கிற பார்வை. டாக்டரம்மாவும் அவனைப் பார்த்தார்.

நேசையன் எழுந்தான். எழும்போது நாற்காலி சத்தம் போட்டது. “நான் வெளியே இருக்கேன்” என்று சொல்லிவிட்டு வந்து, கதவுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தான். உள்ளே டாக்டர் மறுபடி கேட்பது கேட்டது. பிறகு ஆர்ஷாவின் குரல் தாழ்வாகத் தொடங்கியது. முழங்கை உள்பக்கம் என்றாள். எழுதும்போதும் என்றாள். சுண்டுவிரல் மரத்துப்போகிறது, காலையில் வாளி தூக்க முடியவில்லை என்றாள். நிறுத்துவாள் என்று நினைத்தான். அவள் நிறுத்தவில்லை. சொல்லிக்கொண்டே போனாள்.

கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி, “சேட்டா, ஒந்நு நீங்ஙி இரிக்காமோ” என்று இடம் கேட்டாள். அவன் குனிந்த தலையை நிமிர்த்தாமலே நகர்ந்து உட்கார்ந்தான்.