இரண்டு பிடி மண்

அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்க ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டும்போதுதான், வினோலியாவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாமென்று அமலன் பக்கத்து வீட்டுக்கு ஓடினான். மாசமான பெண் பிணத்தைப் பார்க்கக் கூடாதென்று அவன் மனைவியை நேற்றே அங்கே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். யாராவது கவனித்துக்கொள்வார்கள் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள். அடப்பாவமே, அவனும்தான் நினைத்தான்.

வாளியைக் கட்டிக்கொண்டு தரையில் சுருண்டு கிடந்தாள். மூன்றாம் மாதம். பச்சைத் தண்ணீர்கூட வயிற்றில் தங்காது. அப்பாதான் ஐஸ்கட்டியைத் துண்டில் சுற்றி, தட்டி நுணுக்கி, கொஞ்சங் கொஞ்சமாக வாயில் போடுவார். அது மட்டும் நிற்கும். நேற்றிலிருந்து அதற்கும் ஆளில்லை.

"வினோ, ஒண்ணுக்குப் போனியா?"

"நேத்து போனதுதான்." உதடு வெடித்திருந்தது.

ஒண்ணுக்குப் போவது நின்றுவிட்டால் உடனே தூக்கி வரவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னது அவனுக்கு நினைவுக்கு வந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ சொல்லத் தன் வீட்டுக்கு ஓடிவந்தவனை வாசலில் அத்தை சகாயசெல்வி மறித்தாள். "ஏலே, மசக்கைன்னா வாந்தி வரத்தான் செய்யும். நாங்க பெறலையா? ஒத்தப் பிள்ளை நீ மண்ணு போடாம எங்கண்ணன் எப்படிப் போவாரு? செத்த நேரம் பொறு."

கோயில் பூசை, அப்புறம் கல்லறை. பொழுது சாய்ந்துவிடும். அமலன் பெட்டியைப் பார்த்தான். பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்தான். கால் எந்தப் பக்கமும் நகரவில்லை.

அம்மா ரோசலின் பெட்டியருகிலிருந்து எழுந்து வந்தாள்.

"ஒங்கப்பா இனி எங்கயும் ஓடிப்போக மாட்டாரு. அவளத் தூக்கு."

"அம்மா, மண்ணு..."

"நான் போட்டுக்கிறேன். நீ போய்யா."

ஆட்டோ பேகம்பூரைத் தாண்டும்போது அவன் சட்டையெல்லாம் மஞ்சளாகப் பித்தம். அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "மாதாவே, இவளையாவது விட்டு வையி" என்று வாய்விட்டு அழுதான்.

சாயங்காலம் வார்டு வாசலில் அம்மா வந்து நின்றாள். நகக்கண்ணில் செம்மண். கல்லறையிலிருந்து குளிக்காமல் வந்தவள், தீட்டென்று படியைத் தாண்டவில்லை.

"ஒனக்குஞ் சேத்து ரெண்டு பிடி போட்டேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணுக்குப் போனாளா?"

"ரெண்டு பாட்டில் ஏறுச்சும்மா. இப்பத்தான் போனா."

அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள். அன்றைக்கு அப்போதுதான் அழுதாள்.

அழுது முடித்து, விரல் நுனியில் தொங்கிய பாலித்தீன் பையை நீட்டினாள். "கடைக்காரரே கட்டிக் குடுத்தாரு. உள்ள என் கை படல."

பாதி கரைந்திருந்தது. அமலன் மிச்ச ஐஸைத் தோளில் கிடந்த துண்டில் சுற்றி, படியோரம் வைத்துத் தட்ட ஆரம்பித்தான்.